கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

வாசகர் கேள்வி, ஆடிட்டர் பதில்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 57 வயது. கல்லூரியில் வேலை, ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம், வருடச் சம்பளம் 16 லட்சம். கணவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சொந்த வீடு, கடன் இல்லை. மகன் பெங்களூரில். மகள் நியூஜெர்சியில், அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டார். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த மாமனார் சென்ற வருடம் காலமானார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். மாமனார் உயில் எழுதவில்லை. வங்கியில் அவர் போட்டு வைத்திருந்த 25 லட்சம் ரூபாய், நாமினி என்ற முறையில் கணவரின் கணக்குக்கு வந்துவிட்டது. சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிக் கட்டிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது.

அப்பா பெயரில் ட்ரஸ்ட் தொடங்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. 25 லட்சத்தையும் அதில் போட்டு ‘நம்ம சமூகத்துப் பிள்ளைகளுக்கு’ படிப்புதவி, ஊர்க் கோயிலில் அன்னதானம், வீட்டையும் ட்ரஸ்டுக்கே எழுதி வைப்பது. வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தாணேயில் இருக்கும் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. “அவளுக்கு 1986-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, சீர் எல்லாம் செய்தாயிற்று, சட்டப்படி அவளுக்குப் பங்கு கிடையாது” என்கிறாராம்.

வாசகியின் மனம் வேறு பக்கம். வீட்டு வேலைக்கு சீட்டா கேம்ப்பிலிருந்து வரும் அம்மாவின் மகள் நர்சிங் சேர இருக்கிறாள், வருடம் 1,20,000 ரூபாய் ஃபீஸ். அதைக் கட்ட வேண்டும், பரேலில் கேன்சர் நோயாளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். மகனோ, ட்ரஸ்டும் வேண்டாம் கோயிலும் வேண்டாம், நல்ல தொண்டு நிறுவனமாகப் பார்த்து மாதாமாதம் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறான். மகள் வருடம் 2,000 டாலர் அனுப்பத் தயார். இதற்கிடையில் ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு வரும் யாருக்கும் கணவர் இல்லை என்று சொல்வதில்லை. போன மாதம் பாஸ்புக்கைப் புரட்டியபோதுதான், பெரியப்பா மகனுக்கு அவர் 3 லட்சம் கொடுத்திருப்பதே தெரிந்திருக்கிறது. “தர்மம் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சண்டைதான்” என்று எழுதிவிட்டு நான்கு கேள்விகள் கேட்கிறார்: எவ்வளவு கொடுக்கலாம், ட்ரஸ்ட் வேண்டுமா, நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜியில் பாதி வரி திரும்பக் கிடைக்குமா, கேட்பவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதை முடிக்காமல் மற்ற நான்கையும் தொட முடியாது.

அது யார் பணம்?

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நம் வீடுகளில் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்குத்தான் நாமினி. வாங்கியவர் அதை வாரிசுகளுக்காகத்தான் கையில் வைத்திருக்கிறார். வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் சொன்னது.

அப்படியானால் வாரிசுகள் யார்? மாமனார் உயில் எழுதவில்லை, மாமியாரும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து பிள்ளைகள் இரண்டே பேர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் தானே சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள், தலைதீபாவளிக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கெல்லாம் சட்டத்தின் கண்ணில் கிடையாது.

உங்கள் கணவர் சொல்லும் கல்யாணக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் 1989-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. அதற்கு முன்பே மணமானவர்களை மட்டும் அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. ‘89-க்கு முன் கல்யாணம் ஆனால் பங்கில்லை’ என்ற பேச்சு அப்போது பிறந்ததுதான். அது பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அப்பா சம்பாதித்த சொத்துக்கு அது அன்றைக்கும் பொருந்தாது. பூர்வீகச் சொத்திலும் 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து, 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்து, அந்தப் பழைய கணக்கு முடிந்துவிட்டது.

ஆக 25 லட்சத்தில் பன்னிரண்டரை லட்சம் உங்கள் நாத்தனாருடையது. வீட்டிலும் பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் இதை ட்ரஸ்டில் போட்டால், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். கொஞ்சம் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ கோர்ட்டுக்குப் போனால், தலைமையாசிரியர் பெயர் வழக்கு எண்ணோடு சேர்ந்து வரும். அதற்காகவா இந்த ட்ரஸ்ட்?

நீங்களும் கணவரும் தாணேக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டின் ஒரு நகலை எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள். எழுதிய பத்திரத்தை நீட்டி இங்கே ஒரு கையெழுத்து என்று கேட்டால், அது அனுமதி கேட்பதாக இருக்காது. “அப்பா பணம் இவ்வளவு வந்திருக்கிறது, உன் பங்கு இது, அப்பா பெயரில் ஏதாவது செய்யலாம் என்று எனக்கு ஆசை, நீ என்ன நினைக்கிறாய்” என்று கணவரே சொல்லட்டும். நீங்கள் பேசினால் அண்ணி பேச்சாகிவிடும்.

அவர் தன் பங்கைக் கேட்டால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். அவரும் சேர்ந்து செய்கிறேன் என்றால் இன்னும் நல்லது. எதற்கு, எவ்வளவு என்பதில் அவருக்கும் சரிசமமான குரல் உண்டு. எனக்கு ஒன்றும் வேண்டாம், நீயே செய் என்றால், பணத்துக்கு அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எழுத்து மட்டும் போதாது. ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் பங்கை அவர் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். வாய்வார்த்தைப் பெருந்தன்மை அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

ட்ரஸ்ட் வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ட்ரஸ்ட்களுக்குக் கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கும் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் பங்கு பன்னிரண்டரை லட்சம். 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடம் 87,500 ரூபாய். இதை வைத்துக்கொண்டு மும்பையில் ஒரு பொது ட்ரஸ்ட் என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டம் 1950-இன் கீழ் வொர்லியில் இருக்கும் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவு. தனி பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு. வருமான வரித் துறையில் 12ஏபி என்று சொல்லப்படும் வரி விலக்குப் பதிவு, நன்கொடையாளர்களுக்குச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி பதிவு தனியாக. இரண்டும் முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும், அப்புறம் முறையான பதிவு, அதற்கும் பிறகு புதுப்பிப்பு. வருடா வருடம் கணக்கு, ஆடிட், ரிட்டர்ன். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்ததற்குக் கணக்கு. ஒரு டிரஸ்டி இறந்தாலோ விலகினாலோ 90 நாளுக்குள் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் மாற்ற அறிக்கை. அந்த 87,500-இல் ஒரு நல்ல பங்கு என்னைப் போன்றவர்களுக்கே வந்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, இதை யார் நடத்துவது? மகன் பெங்களூரில், அவனுக்கு இதில் விருப்பமும் இல்லை. மகள் கடல் கடந்து இருக்கிறார். கணவர் இருக்கும்வரை ஓடும். அதற்குப் பிறகு, இறந்துபோன டிரஸ்டிகளின் பெயர்களோடு, தாக்கல் செய்யாத கணக்குகளோடு கிடக்கும் எத்தனையோ குடும்ப ட்ரஸ்ட்களில் இதுவும் ஒன்றாகும். வேண்டாம் என்று மூடிவிட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. வீட்டை அதில் எழுதிவிட்டால், பின்னால் விற்பதற்கு சேரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். ஓடு மாற்ற ஆள் பிடிப்பதே பாடாக இருக்கும் ஒரு வீட்டை மும்பையிலிருந்து ஒரு ட்ரஸ்ட் எப்படிப் பராமரிக்கும் என்பதையும் யோசிக்கச் சொல்லுங்கள்.

‘நம்ம சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்பதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று தொடங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் இவர்களுக்காக நடத்துபவற்றுக்கு அந்தத் தடை இல்லை. ட்ரஸ்டிலிருந்து சொந்த அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள், அதுவும் விலக்கைக் கெடுக்கும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், உங்கள் மாமனார் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவர். அவர் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒரே சமூகமா?

அதே ஆசைகளை ட்ரஸ்ட் இல்லாமலே நிறைவேற்றலாம். அவர் வேலை பார்த்த பள்ளிக்கே கொடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியாக ஆய்வகமோ கழிப்பறையோ நூலகமோ, பள்ளிக்கு எது தேவையோ அதற்குக் கொடுக்கலாம். கல்லூரிப் படிப்புக்கு உதவத்தான் ஆசை என்றால், மயிலாடுதுறை வட்டாரத்திலேயே நல்ல கல்லூரி ஒன்றில் மாமனார் பெயரில் பரிசோ உதவித்தொகையோ ஏற்படுத்தலாம்; முதலீட்டைக் கல்லூரியிடம் கொடுத்துவிட்டால் வட்டியிலிருந்து அவர்களே வருடா வருடம் கொடுப்பார்கள். தகுதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்: குடும்பத்தில் முதல் பட்டதாரி, தாய் மட்டும் வளர்க்கும் பிள்ளை, இந்த மாதிரி.

கோயில் அன்னதானத்தில் மகன் குறுக்கிட வேண்டியதில்லை. தகப்பனாரின் திதியன்று நாலு பேர் சாப்பிட வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவதை எந்தத் தராசில் போட்டு நிறுப்பது? கோயில் அலுவலகத்தில் கட்டளையாக வைப்புத்தொகை கட்டி ரசீது வாங்கினால், வட்டியிலிருந்து வருடத்தில் அந்த ஒரு நாளை நடத்துவார்கள். பணத்தை அலுவலகத்தில் கட்டுங்கள், தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இதற்கெல்லாம் பன்னிரண்டரை லட்சத்தில் இப்போதைக்கு 5 லட்சம் போதும். மீதி ஒரு வருடம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். அப்பா போன துக்கம் இன்னும் ஆறாத நிலையில் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடத் தோன்றும். ஒரு வருடம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் அப்போது கொடுக்கலாம்.

எவ்வளவு?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. முஸ்லிம்கள் ஜகாத் என்று சேமிப்பில் இரண்டரை சதவீதம் கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பலர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, கேட்கும் ஆள் வருவதற்கு முன்பே அளவு முடிவாகிவிடுகிறது என்பதுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் கொடுப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. அளக்காமல் கொடுப்பதும் சொல்லாமல் கொடுப்பதும்தான்.

மாமனார் பணத்தைத் தனியாக வையுங்கள். அதைத் தொடாமல், உங்கள் இருவர் வருமானத்திலிருந்து மாதம் 15,000 ரூபாய் எடுக்கலாம் என்பது என் கணக்கு. வருடம் 1,80,000. பத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. நீங்கள் ஓய்வு பெறும்வரை இது தாங்கும். அதன்பின் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் இருவருக்கும் நல்ல மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்று ஊருக்குக் கொடுத்துவிட்டு நாளை ஆஸ்பத்திரி பில்லுக்கு மகனிடம் கை நீட்டுவதில் யாருக்கும் பெருமை இல்லை.

அந்த 1,80,000-இல் பெரும்பகுதி நர்சிங் ஃபீஸுக்குப் போகும். போகட்டும். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் தொட்டது அதுதான். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படிப்பு மூன்று வருடம், பிஎஸ்ஸி நர்சிங் நான்கு வருடம். முதல் வருடம் கட்டிவிட்டு அடுத்த வருடம் முடியாமல் போனால் அந்தப் பெண் நடுவழியில் நிற்பாள், கட்டாமலே இருந்திருக்கலாம் என்று ஆகும். ஆகவே முழுப் படிப்புக்கும் முடியுமா என்று பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு ஃபீஸ் வாங்கும் இடங்கள் உண்டு. மாநில அரசின் மகாடிபிடி தளத்தில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய உதவித்தொகை இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். கிடைத்தால் நீங்கள் விடுதிக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கலாம். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டுங்கள். இதற்கு வரிச் சலுகை கிடையாது, அதனால் என்ன.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. மகள் ஃபீஸைக் கட்டுகிறோம் என்பதற்காக அந்த அம்மாவின் சம்பள உயர்வோ லீவோ நின்றுபோகக் கூடாது. சம்பளம் அவருடைய உரிமை, உதவி உங்கள் விருப்பம். இரண்டையும் கலந்தால் அவரால் நாளைக்கு வேறு வீட்டு வேலைக்குக்கூடப் போக முடியாது.

பரேல் விஷயத்தில், டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு நேரடியாகவே நன்கொடை கொடுக்கலாம். வாட்ஸாப்பில் ஆபரேஷனுக்கு உதவி என்று குழந்தையின் படத்தோடு வரும் செய்திகளுக்கு ஒரே வழிதான்: சம்பந்தப்பட்ட மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பிரிவில் விசாரித்து, நோயாளியின் கோப்பு எண்ணைச் சொல்லி, மருத்துவமனைக் கணக்கில் கட்டுவது. நேரில் தெரிந்தவர் யாராவது பில்லோடு வந்தால் பணம் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அறக்கட்டளை மருத்துவமனையா? மகாராஷ்டிராவில் அப்படிப் பதிவான பெரிய மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் கொடுக்க வேண்டும். பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளிகள் நிதிக்கு ஒதுக்கவும் வேண்டும். இது 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம். பளபளவென்று இருக்கும் பல மருத்துவமனைகள் இந்தப் பட்டியலில் இருப்பது நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. ரேஷன் கார்டையும் தாசில்தார் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு ஒரு காலை நேரம் நீங்கள் கூடப் போய் நின்றால், 10,000 ரூபாய் கொடுப்பதைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம்.

பாதி வரி திரும்ப வராது

80ஜியில் 50 சதவீதம் என்றால், கொடுத்த தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று பொருள். ஒரு லட்சம் கொடுத்தால் 50,000 கழியும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து, மிச்சம் 15,600 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

உங்கள் 16 லட்சத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் வரி 1,13,100 ரூபாய். பழைய முறையில், சேமிப்புக்கான 80சி கழிவு ஒன்றரை லட்சத்தை முழுதாகக் கழித்தாலும் 2,41,800 ரூபாய். 15,600 மிச்சம் பிடிப்பதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டாம். புதிய முறையிலேயே இருங்கள், சலுகையை மறந்துவிட்டுக் கொடுங்கள். ஒரு நிம்மதியும் உண்டு: இனி ரசீதுக்காக ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் பழைய முறையில் இருந்தால் இரண்டு விஷயம் போதும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. ரசீது மட்டும் போதாது, நிறுவனம் தரும் நன்கொடைச் சான்றிதழும் வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், எல்லோர் வாயிலும் இன்னும் 80ஜிதான்.

மகளின் டாலர் பற்றி. அவர் இப்போது வெளிநாட்டுக் குடிமகள். அவர் இங்குள்ள ட்ரஸ்டுக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருடமாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். புது ட்ரஸ்டுக்கு வாய்ப்பே இல்லை. ‘உனக்கு அனுப்புகிறேன், நீ போட்டுவிடு’ என்ற குறுக்குவழி வேண்டாம். அமெரிக்காவிலேயே பதிவாகி இந்தியாவில் வேலை செய்யும் அமைப்புகள் உண்டு. அவற்றுக்குக் கொடுத்தால் அவருக்கு அங்கே வரிச் சலுகையும் கிடைக்கும்.

வாசலில் நிற்பவர்கள்

கணவருக்கு மாதம் 2,000, உங்களுக்கு மாதம் 2,000, கேள்வி கேட்காத பணம் என்று ஒதுக்கிவிடுங்கள். அவர் யாருக்குக் கொடுத்தார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவரும் கேட்கக் கூடாது. தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம். ‘இந்த மாதத்துக்கு வைத்தது தீர்ந்துவிட்டது’ என்று சொல்வதில் பொய்யும் இல்லை, முகமும் கோண வேண்டாம். அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் இருவரும் பேசித்தான்.

ரசீதுப் புத்தகக்காரர்களிடம் பான் எண்ணும் பதிவு எண்ணும் கேளுங்கள். யுபிஐ என்றால் ட்ரஸ்ட் பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும். பதிவில்லாத கணபதி மண்டலிகள் என்ற விழாக் குழுக்கள்கூட வசூலுக்கு சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் 41சி பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டிய ஊர் இது. கேட்டால் கோபித்துக்கொள்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பெரியப்பா மகனுக்குப் போன 3 லட்சம் தர்மமா கடனா என்பதை முடிவு செய்யுங்கள். கடன் என்றால் இரண்டு வரியில் எழுதி, திருப்பித் தரும் தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கொடுத்தது என்றால் அவருக்குத்தான் சிக்கல். வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவரிடமிருந்து வருடத்தில் 50,000-க்கு மேல் வாங்கினால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம். என்னைக் கேட்டால், உங்கள் கணவர் இதை மறைத்தது கெட்ட எண்ணத்தில் இருக்காது, நீங்கள் என்ன சொல்வீர்களோ என்ற தயக்கமாகத்தான் இருக்கும். திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள், பேச்சு சுலபமாக இருக்கும்.

வக்கீலிடம் கொடுத்த அட்வான்ஸ் வீண் போக வேண்டாம். ட்ரஸ்ட் பத்திரத்துக்குப் பதிலாக, நாத்தனாரின் முடிவைப் பொறுத்து விடுதலைப் பத்திரத்தையும், உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு உயிலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே சம்பாதித்த சொத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அறப்பணிக்கு எழுதலாம். ஆனால் ‘ஏழைகளுக்கு’, ‘கல்விக்கு’ என்று பொதுவாக எழுதாதீர்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதிவிட்டுத்தான் இறந்தார். அந்தப் பணம் வழக்கிலிருந்து மீண்டு அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். அமைப்பின் பதிவான முழுப் பெயர், பான் எண், எந்த வேலைக்கு, அந்த அமைப்பு அப்போது இல்லையென்றால் அடுத்து யாருக்கு என்பதை எல்லாம் எழுதுங்கள். பயன் பெறாத இரண்டு பேரைச் சாட்சியாகப் போடுங்கள். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டராக மகனைப் போடலாம், ஆனால் அவனிடம் முதலில் கேட்டுவிட்டு.